காற்றைக் குறைத்தால் சத்தம் குறையும்

இந்த மலைப்பக்கத்தில் டயர் சத்தத்தைப் பற்றி யாரும் அலட்டிக்கொள்வதில்லை, சேர். எனக்கு மட்டும் அதுதான் சோறு போட்டது. டயர் எப்படி அதிர்கிறது, அந்த அதிர்வு எவ்வளவு இரைச்சலாக வெளியே வரும் என்று பதுளையில் ஒரு வாடகை அறையிலிருந்து கம்ப்யூட்டரில் கணித்து, வெளிநாட்டுக் கம்பெனி ஒன்றுக்கு அனுப்புவேன்.

காற்றைக் கொஞ்சம் குறைத்தால் இரைச்சல் குறையும் என்று என் கணிப்பு சொன்னது. ரோட்டில் ஓட்டி நிரூபி, இல்லாவிட்டால் இதோடு விட்டுவிடு என்றார்கள். வருடக்கணக்கில் மாடாய் உழைத்தது. விட மனம் வருமா?

பசறையில் வேன் ஓட்டும் அழகையாண்ணனைக் கேட்டேன். தங்கமான மனுசர். வேனுக்கு அடியில் சத்தம் பதியும் கருவியைக் கட்டவும், டயரில் காற்றைக் குறைக்கவும் மறுபேச்சில்லாமல் விட்டார். ஓட்டிப் பார்த்துவிட்டு, "என்னா தம்பி, வண்டி பூனையாட்டம் போவுது!" என்று சிரித்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

காற்றுக் குறைந்த டயர் சூடேறும். அது எனக்குத் தெரியாதா என்ன? கம்ப்யூட்டரில் அதற்கும் ஒரு படம் வரும், சிவப்பாகத்தான் வந்தது. ஆனால் எனக்குக் கொடுத்த வேலை சத்தம். சூட்டைப் பார்க்க வேறு ஆட்கள் இருக்கிறார்கள். அந்தப் படத்தை மூடிவிட்டேன்.

தோட்டத்துச் சனத்தை ஏற்றிக்கொண்டு கதிர்காமம் கோயிலுக்குக் கிளம்பிய அன்று காலையில் அண்ணன் எனக்குப் போன் எடுத்தார்.

"தம்பி, லயத்துச் சனம் முச்சூடும் ஏறிருச்சு. சாமான் வேற. மொனராகலை பக்கம் வெயிலு கொளுத்துமே, காத்து அடிச்சுக்கவா?"

அடித்துக்கொள்ளுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனால் அடித்தால் அளவு பாழ். பாரத்தோடு ஒரு நீண்ட ஓட்டம்தான் பாக்கி இருந்தது.

"வேணாங்கண்ணே, இதே போதும். தைரியமா போங்க."

"நீ சொன்னா சரிதான்" என்று வைத்துவிட்டார். படித்த பிள்ளை என்று என்மேல் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை.

மொனராகலை தாண்டி ஒரு இறக்கத்தில் டயர் வெடித்து வேன் உருண்டது. போனவர்களில் பிழைத்தது அவர் ஒருவர்தான். அவரும் இன்னும் வாய் திறக்கவில்லை. அவர்மேல் வழக்குப் போடாதீர்கள், சேர். காற்றைக் குறைத்தவனும் நான், அடிக்க வேண்டாம் என்றவனும் நான். வருத்தம் இல்லாமல் இல்லை.

கருவிக்கு ஒன்றும் ஆகவில்லை. நானே போய்க் கழற்றி வந்து கேட்டேன். வெடித்த பிறகு நெடுநேரம் வேறு சத்தங்கள் வருகின்றன, பெண்கள், குழந்தைகள். அவை டயரிலிருந்து வந்தவை அல்ல என்பதால் வெட்டிவிட்டேன். மிச்சம் என் கணிப்போடு அப்படியே பொருந்துகிறது, சேர். நேற்றே அனுப்பிவிட்டேன்.