எஸ்தேபனுக்கு நான் செய்த அந்தியேட்டி

எஸ்தேபனுக்கு எங்கள் வீட்டுச் சோறும் பருப்பும் பிடிக்கும். உறைப்புக் காணாது என்று மட்டும் குறை சொல்வார். ரொக்ஸ்பரோ முதியோர் இல்லத்தில் ஒன்பது வருடம் அவரைக் குளிப்பாட்டி உடுத்திவிட்டவன் நான். விசாரிக்க வந்த உங்களைவிட அவரை எனக்குத் தெரியும்.

அவர் டெக்சாஸில் பிறந்த மெக்சிகோக்காரர். ரொக் அண்ட் ரோல் தலையெடுத்த காலத்தில், பதினேழு வயதில், ஒரு இசைத்தட்டுக் கம்பெனி அவரைப் பிடித்துக்கொண்டது. எஸ்தேபன் கரான்சா என்ற பெயர் விற்காது என்று ஸ்டீவ் கேரி ஆக்கினார்கள். வீட்டுப் பெயரை விட்டுக்கொடுத்தவன் என்று தகப்பன் கதவைச் சாத்திவிட்டார். கிளப் கிளப்பாகப் பாடி மொன்ட்ரியாலில் வந்து ஒதுங்கினார். ஊரில் ஒரே தங்கை, லூஸ். புதுப் பெயர் தெரியாமல் அவளும் தேடினாள். எந்த வானொலி நிலையத்துக்கும் கரான்சா என்ற பாடகனைத் தெரியவில்லை.

என் தகப்பன் யாழ்ப்பாணத்தில் செத்தபோது என்னிடம் கனடாப் பேப்பர் இல்லை. போக முடியவில்லை. அதை எஸ்தேபனிடம்தான் சொல்லி அழுதேன். அவர் என் தலையைத் தடவி ஒரு பாட்டுப் பாடினார். அதன் பிறகு லீவு ஞாயிறுகளிலும் பார்க் எக்ஸ்டென்ஷனில் இருக்கும் என் வீட்டிலிருந்து அவரைப் பார்க்கப் போவேன்.

2019இல் அவர் பாடியதை எஸ்தேபன் கரான்சா என்ற சொந்தப் பெயரோடு யூடியூப்பில் போட்டேன். பெருமைக்குத்தான். மூன்றாம் வாரம் லூஸின் பேத்தி அஞ்சலீனா எழுதினாள். அவர் உயிரோடு இருக்கிறாரா, பாட்டி வந்து கூட்டிப்போகத் துடிக்கிறார் என்று.

"ஆரப்பா எழுதினது? முகம் கறுத்துப் போச்சு," என்றாள் என் மனைவி கஜந்தினி.

"ஒண்டுமில்லை, விளம்பரம்."

அவர் இறந்துவிட்டார் என்று பதில் எழுதினேன். நம்பவேண்டுமே. கொள்ளி நான் வைத்தேன், காடாற்றிச் சாம்பல் அள்ளினேன், முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை செய்தேன் என்று விவரமாக எழுதினேன். கத்தோலிக்கருக்கு அதெல்லாம் ஏது என்று அனுப்பிய பிறகுதான் உறைத்தது. தகப்பனுக்குச் செய்யாததெல்லாம் தானாகக் கைக்கு வந்துவிட்டது. ஆனாலும் லூஸ் நன்றி சொல்லி எழுதுவித்தார். 'நீதான் அண்ணாவுக்கு மகன்.' அந்தக் கடிதத்தை இன்னும் வைத்திருக்கிறேன்.

அதற்குப் பிறகு எஸ்தேபன் நான்கு வருடம் இருந்தார். நல்ல வருடங்கள். ஒவ்வொரு பாட்டும் முடிந்ததும், "தங்கை அந்த யூடியூப் பாட்டைக் கேட்டிருப்பாளா? ஏதாவது எழுதினாளா?" என்பார். இல்லை என்று சொல்லும்போது எனக்கு நெஞ்சு வெடிக்கும்.

கல்லறையில் அவர் இறந்த சரியான தேதியைத்தான் வெட்டுவித்தேன். கல்லில் பொய் எழுத மனம் வரவில்லை. இல்லத்தில் இடம் கேட்டுப் பூவோடு வந்த அஞ்சலீனா அதைப் பார்த்துவிட்டுத்தான் உங்களிடம் வந்தாள்.

கடைசி மாதம் அவர் கேட்பது கூடிவிட்டது. காத்திருந்து வாடுகிறாரே என்று, ஒரு மத்தியானம் கையைப் பிடித்துக்கொண்டு, லூஸ் செத்துப்போனாள் என்று சொன்னேன். அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். பிறகு பாடவில்லை, பேசவும் இல்லை. ஒன்பதாம் நாள் போய்விட்டார். கடைசிவரை பக்கத்தில் நான் இருந்தேன். அதை மட்டும் லூஸ் அம்மாவிடம் சொல்லுங்கள். அவருக்கு ஆறுதலாக இருக்கும்.