துரை ஓட்டலில் நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்த நேரத்தில்

என் பெயர் தெய்வசிகாமணி, தகப்பனார் பெயர் முத்துவேல், வயது 71. மரக்காணம் மேற்குத் தெருவில் குடியிருக்கிறேன். உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். 15.04.2005 அன்று இக்காவல் நிலையத்துக்கு நானாக வந்து, உதவி ஆய்வாளர் கேட்க, சொல்லும் வாக்குமூலம் பின்வருமாறு.

உப்பளக் கூலி காசிலிங்கத்தை எனக்கு அவருடைய பள்ளி நாளிலிருந்து தெரியும். எட்டாவது வரை என்னிடம் படித்தார். அவருடைய மனைவி குப்பம்மாள் இம்மாதம் 6ஆம் தேதி காலை, குத்தகைதாரர் தேவநாதனுடைய உப்பளத்தில், பாத்திகளுக்குத் தண்ணீர் இறைக்கும் மோட்டார் கொட்டகை அருகே விழுந்து இறந்துபோனார். வெயிலில் மயங்கி விழுந்ததாக எல்லோரும் சொன்னபடியால் அன்றே தகனமும் முடிந்துவிட்டது. அதன் பிறகு, குளிப்பாட்டும்போது அந்த அம்மாளின் உள்ளங்கை கருகியிருந்ததாகப் பெண்கள் சொன்னதைக் கேட்டு, மோட்டார் ஒயரில் கரண்டு தாக்கித்தான் இறந்தார் என்று காசிலிங்கம் மனுக் கொடுத்தார். 12ஆம் தேதி மின் ஆய்வாளர் நேரில் வந்து பார்ப்பதாக ஏற்பாடாயிற்று. உடல் எரிக்கப்பட்டுவிட்டதால் அந்த ஒயரைத் தவிர வேறு அத்தாட்சி கிடையாது என்பது காசிலிங்கத்துக்குத் தெரியும். ஆகவே மனுக் கொடுத்த நாள் முதல் யாரும் அதைத் தொடாதபடி அவர் கொட்டகை வாசலிலேயே உட்கார்ந்திருந்தார்.

11ஆம் தேதி மாலை தேவநாதன் என் வீட்டுக்கு வந்தார். காசிலிங்கத்திடம் நேரில் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றும், கூலியாட்கள் எதிரில் கேட்டால் நாளைக்கு யாரும் தன்னை மதிக்க மாட்டார்கள் என்றும், புதுச்சேரிக்குப் பக்கத்தில் பெரிய முதலியார்சாவடியில் துரை ஓட்டலில் வைத்துப் பேசிக்கொள்ளலாம், நடுவில் நான் இருந்தால் போதும் என்றும் சொன்னார். அவர் கண் கலங்கியதாக எனக்குத் தோன்றியது. அது சரியாக இல்லாமலும் இருக்கலாம். நான் ஒப்புக்கொண்டேன்.

மறுநாள் முற்பகல் தேவநாதனின் காரில் உப்பளத்துக்குப் போனேன். காசிலிங்கம் வர மறுத்தார். "கருமாதி ஆகாம நான் எங்கயும் கை நனைக்க மாட்டேன் சார். இத உட்டுட்டும் வரமாட்டேன்" என்றார். அப்படி எதைக் காவல் காக்கிறார் என்று கேட்டேன். கொட்டகைக்குள் கூட்டிப்போய்க் காட்டினார். நான் மூக்குக்கண்ணாடி அணிந்திருந்தேன். சுவரிலிருந்த சுவிட்சுக்கும் மோட்டாருக்கும் இடையே ஓடிய ஒயர் சுனாமியில் நனைந்த பழைய ஒயர். நடுவில் ஒட்டுப்போட்டு, நீல நிறப் பாலிதீன் பையைக் கிழித்துச் சுற்றியிருந்தார்கள். அந்தச் சுற்று அவிழ்ந்து செம்புக் கம்பி வெளியே தெரிந்தது. பச்சைக் களிம்பேறிய அந்தக் கம்பி உப்புத் தண்ணீர் தேங்கிய இடத்தில் கிடந்தது. எர்த் ஒயர் இல்லை. சுவிட்சு வலப்பக்கச் சுவரிலா இடப்பக்கச் சுவரிலா என்று கேட்டால் எனக்கு இப்போது நிச்சயமில்லை.

அதன் பிறகு நான் காசிலிங்கத்திடம், மின் ஆய்வாளர் மாலையில்தான் வருவார், தேவநாதன் தவறை ஒப்புக்கொள்ளும்போது நீ எதிரில் இருப்பது நல்லது, நானே திரும்பக் கூட்டிவருகிறேன் என்று சொன்னேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வந்து காரில் ஏறினார்.

துரை ஓட்டல் என்பது, புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர் வீட்டுச் சமையல்காரராக இருந்த ஒருவர் அறுபது வருடத்துக்கு முன்பு தொடங்கியது. இப்போது பேரன் நடத்துகிறார். மேசைக்கு வெள்ளைத் துணி விரித்து, கத்தியும் முள்கரண்டியும் வைத்து, ஒன்று முடிந்த பிறகே அடுத்ததைக் கொண்டுவருவார்கள். நடுவயதுப் பரிமாறுபவர் சாலமன் என்பவரைப் பல வருடமாக நான் அறிவேன். தேவநாதன் எங்களை ஜன்னலோர மேசையில் உட்கார வைத்துவிட்டு, உள்ளே போய்ச் சாலமனிடம் ஏதோ சொல்லிவிட்டு வந்தார்.

முதலில் சூப்பும் பன்னும் வெண்ணெயும் வந்தன. காசிலிங்கம் தண்ணீர் மட்டும் குடித்தார். அவர் எதிரிலிருந்த சூப் ஆறி ஆடை கட்டியது. தேவநாதன் சுனாமியைப் பற்றியும் உப்பு விலையைப் பற்றியும் பேசினார். வெகுநேரம் கழித்து மீன் வந்தது. எனக்கு முள்கரண்டி சரியாகப் பழக்கமில்லை. தேவநாதன், "மெதுவா சார், அது ஏற்கெனவே செத்துப் போச்சி, நீங்க வேற குத்திக்கினு" என்று சொல்லிச் சிரித்தார். காசிலிங்கம் தண்ணீர்த் தம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் மன்னிப்பு விஷயத்தை நினைவுபடுத்தினேன். சாப்பாட்டு நேரத்தில் துக்கத்தைப் பேச வேண்டாம், முடியட்டும் என்றார் தேவநாதன். அது முறைதானே என்று நானும் மீனைத் தொடர்ந்து சாப்பிட்டேன்.

அதன் பிறகு இன்னும் வெகுநேரம் கழித்துக் கட்லெட் வந்தது. நான் அதையும் சாப்பிட்டேன். காசிலிங்கத்தின் எதிரில் வைத்ததெல்லாம் வைத்தபடியே இருந்தது. அவர் இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு என் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பசிதான் காரணம் என்று நினைத்து, கொஞ்சம் ரொட்டியாவது தின்னும்படி சொன்னேன். வேண்டாம் என்று தலையை அசைத்தார்.

கட்லெட் முடிந்து தட்டை எடுத்த பிறகும் ஒன்றும் வரவில்லை. நான் கை கழுவப் போனேன். தொட்டியருகே சாலமன் துண்டு கொடுத்தார். நான் கடிகாரத்தைப் பார்த்ததைக் கவனித்து, "மன்னிச்சிக்கோங்க சார். புட்டிங், காபி எல்லாம் எப்பவோ ரெடி. ஐயாவுக்கு ஒரு போன் வரணுமாம், வந்தப்புறம்தான் எடுக்கணும்னு சொல்லிட்டாரு. அதுவரைக்கும் எல்லாத்தயும் மெள்ளக் குடுன்னாரு" என்றார். எந்த இடத்திலிருந்து போன் என்று கேட்டேன். உப்பளத்திலிருந்து என்று தேவநாதன் சொன்னதாகச் சொன்னார். அவர் அதை மறைக்க வேண்டிய விஷயமாக நினைக்கவில்லை. அவர்மேல் குற்றம் இல்லை.

 மேசைக்குத் திரும்பி வந்து உட்காராமல் நின்றேன். புட்டிங் வரப்போகிறது, உட்காருங்கள் என்றார் தேவநாதன். நாங்கள் புறப்படுகிறோம் என்று நான் சொல்ல ஆரம்பித்தேன். வாக்கியத்தை முடிப்பதற்குள் காசிலிங்கம் எழுந்துவிட்டார். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. தேவநாதன், "இன்னா அவசரம்? அங்க யாரு ஓடிடப் போறாங்க?" என்றார். கார் தர முடியாது என்றும் சொன்னார்.

நாங்கள் சாலைக்கு வந்து வெயிலில் நின்று பஸ் பிடித்தோம். பஸ்ஸில் நான் சாலமன் சொன்னதைக் காசிலிங்கத்திடம் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. முன்னாலேயே சந்தேகமாக இருந்தால் ஏன் எழுந்துவரவில்லை என்று, என் மனக் கஷ்டத்தில், அவரையே கேட்டுவிட்டேன். அதற்கு அவர், "சூப்பு வந்தப்பவே எனக்குத் தெரிஞ்சிடுச்சி சார். பந்தியில பெரியவங்க சாப்பிட்டுக்கினு இருக்க சொல்ல நான் எப்பிடி எழுந்திருக்கிறது? நீங்க எழுந்திருப்பீங்கன்னு பாத்துக்கினே இருந்தேன்" என்றார். 

உப்பளத்துக்குப் போய்ப் பார்த்தபோது கொட்டகைக்குள் வேறு மோட்டார் இருந்தது. சுவிட்சு புதிது. பச்சை நிற எர்த் ஒயர் உள்பட எல்லா ஒயரும் புதிது. தரையில் தேங்கிய தண்ணீரைக்கூட வழித்துவிட்டு மணல் போட்டிருந்தார்கள். பாலிதீன் துண்டாவது கிடைக்குமா என்று காசிலிங்கம் குனிந்து அந்த மணலைக் கையால் கிளறினார். நானும் தேடினேன். மாலையில் மின் ஆய்வாளர் வந்தார். நாங்கள் இருவரும் நடந்ததைச் சொன்னோம். கண்ணால் காண்பதைத்தான் எழுத முடியும், மற்றதைக் காவல் நிலையத்தில் சொல்லுங்கள் என்று சொல்லி, இணைப்புகள் ஒழுங்காக இருப்பதாக எழுதிக்கொண்டு போனார். அதன் பிறகு காசிலிங்கம் மறுபடியும் கொட்டகை வாசலில் போய் உட்கார்ந்தார். இனிமேல் காவல் காக்க அங்கே எதுவும் இல்லை.

நேற்றுக் காலை தேவநாதன் என் வீட்டு வாசலில் காரை நிறுத்தி, இறங்காமலே பேசினார். "சார், சூப்பு, மீனு, கட்லெட்டு எல்லாம் என்கூட உக்காந்து ஒழுங்கா சாப்டீங்க. புட்டிங்தான் பாக்கி. இப்ப போயி எனக்கு எதிரா சாட்சி சொன்னா எவன் நம்புவான்? வயசான காலத்துல கோர்ட்டு வாசல்ல நிக்கணுமா? உங்க கண்ணாடியக் கழட்டச் சொல்லி வக்கீல் நாலு கேள்வி கேப்பான், அவ்ளோதான்" என்றார். என் மனைவி கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். இரவு அவளும் வேண்டாம் என்றுதான் சொன்னாள். தேவநாதன் சொன்னதில் நான் சாப்பிட்டது உண்மை. நான் கூப்பிட்டதால்தான் காசிலிங்கம் காவலை விட்டு வந்தார் என்பதும் உண்மை. அதையும் எழுதிக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.

உதவி ஆய்வாளர் இவ்வளவையும் எழுதி எனக்குப் படித்துக் காட்டினார். ஒயரைப் பற்றிச் சொன்ன இடத்தில், வயது காரணமாக உறுதியாகச் சொல்ல இயலவில்லை என்று ஒரு வரி சேர்த்துக்கொண்டால் பிற்பாடு எனக்குத் தொந்தரவு இருக்காது என்று, என் நன்மைக்காகவே சொன்னார். அந்த வரி வேண்டாம் என்றேன். சுவிட்சு இருந்த பக்கம் எனக்கு நிச்சயமில்லை. ஒயரை நான் பார்த்தேன். மற்றவையும் நான் சொன்னபடியே எழுதப்பட்டிருக்கின்றன, நடந்ததும் இதுவே என அறிந்து கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்) மு. தெய்வசிகாமணி