ஐந்து சாவிகளும் மூன்று தும்மலும்

எங்கள் காயங்களுக்கெல்லாம் கட்டுப்போட்ட அதே கைகளால் இன்று மணியடித்து இந்த மேடையைக் கட்டியாளும் தலைவி, ஆலை மருந்தகத்து அம்மா அவர்களே! முன்வரிசையை நிறைத்திருக்கும் மூத்தோர்களே! வேலை முடிந்த களைப்பையும் பாராமல் வந்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே! என் மனைவியே, மனைவியின் தங்கையே, இருவரையும் பெற்றெடுத்து எனக்கு ஒருத்தியையும் என் சகலைக்கு ஒருத்தியையும் தந்த மாமியார் அவர்களே! எனக்கு முன்னால் பேசி, என் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்டு, ஒன்றும் அறியாதவர் போல் சோடா குடித்துக்கொண்டிருக்கும் என் சகலை அவர்களே! அனைவரையும் வணங்குகிறேன்.

அணுகுண்டு பல நாடுகளுக்கும் பரவினால் உலகம் பத்திரமாக இருக்குமா? இதுதானே இன்றைய கேள்வி? இருக்கும் என்றார் என் சகலை. என்னிடமும் இருக்கிறது, உன்னிடமும் இருக்கிறது. நீ அடித்தால் நானும் அடிப்பேன். ஆகவே இருவரும் அடிக்க மாட்டோம். அச்சமே அமைதி, அமைதியே பாதுகாப்பு என்று அடுக்கினார். நீங்களும் தட்டினீர்கள், பதினேழு முறை! நான் எண்ணிக்கொண்டுதான் இருந்தேன்.

என்ன ஐயா, கடைசி வரிசையில்? பொறாமையா என்றா கேட்கிறீர்கள்? ஆமாம் ஐயா, பொறாமைதான்! அப்பட்டமான பொறாமை! இந்தத் தலைப்பில் பேச எனக்கிருக்கும் ஒரே தகுதியும் அதுதான்.

என் சகலை குரல் கணீரென்று ஒலிக்கும். என் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வரும். இவர் தலையில் முடி. என் தலையில் வெளிச்சம். அவ்வளவு ஏன், தும்மலில்கூட இவருக்குத்தான் யோகம்! இவர் தும்மினால் ஒன்றோடு நிற்காது, வரிசையாக மூன்று வரும். உடனே எங்கள் மாமியார் அடுப்படியிலிருந்து, "நூறாயுசு மாப்ள!" என்பார். நான் தும்மினால், "யாருப்பா அது, கதவச் சாத்துங்க, தூசி வருது" என்பார். சிரிக்காதீர்கள் தாய்மார்களே! ஒரு சொல்தான். அந்த ஒரு சொல்லுக்காக ஒரு மனிதன் பத்து ஆண்டுகள் வெந்து சாக முடியும்.

கதைக்கு வருகிறேன். நாங்கள் இருவரும் சோப்புத்தூள் ஆலையில் வேலை செய்கிறவர்கள். அவர் காலை ஷிப்ட் மேஸ்திரி, நான் மதிய ஷிப்ட் மேஸ்திரி. எங்கள் கலவை டிரம்மை வெளியூர்க்காரர்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். இரண்டு ஆள் உயரம். உள்ளே மூன்று இரும்பு அலகுகள் சுழலும். தூள் கட்டிதட்டிவிட்டால் ஓர் ஆள் உள்ளே இறங்கிச் சுரண்ட வேண்டும். இறங்குமுன் மின்விசையை அணைத்து, அதில் தன் பெயர் எழுதிய பூட்டை மாட்டி, சாவியைத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொள்ள வேண்டும். பூட்டுத் தொங்கினால் உள்ளே உயிர் இருக்கிறது என்று பொருள். எங்கள் ஆலையில் இதைவிடப் பெரிய சட்டம் கிடையாது.

பூட்டை மறந்து வீட்டுக்குப் போகிறவர்களும் உண்டல்லவா? அதற்காக எல்லாப் பூட்டையும் திறக்கும் சாவி ஒன்று மேலாளரிடம் இருந்தது. கெஞ்சிக் கேட்டு, அதன் பிரதி ஒன்றை நான் வாங்கினேன். வாங்கிய அன்று சகலை வீட்டு வாசலில் போய் நின்று, சாவிக்கொத்தை நாலு முறை குலுக்கினேன்!

மறுநாளே இவர் மேலாளர் அறையில். "அவருக்கு ஒண்ணு, எனக்கு இல்லையா? நான் என்ன எளப்பமா?" கேட்டது நியாயமா, இல்லையா? நியாயம்தான்! இவருக்கும் கிடைத்தது. பிறகு கொதிகலன்காரர், "எனக்கு மட்டும் ஏன் இல்ல?" என்றார். பொட்டலப் பிரிவு அக்கா, "பொம்பளைன்னா எளக்காரமா?" என்றார். ஒரே ஆண்டில் ஐந்து சாவிகள்! இவர் சற்றுமுன் சொன்னாரே, அந்தத் தத்துவத்தை அன்றைக்கே சொன்னார்: "என் பூட்ட நீங்க தொறந்தா உங்க பூட்ட நான் தொறப்பேன், சகல. அப்ப யாரும் தொறக்க மாட்டோம்ல?"

உண்மையைச் சொல்ல வேண்டும். பதினான்கு மாதங்கள் யாரும் திறக்கவில்லை. அமைதி இருந்தது. ஆனால் அது எப்படிப்பட்ட அமைதி? அவர் என்ன செய்கிறார் என்று நானும், நான் என்ன செய்கிறேன் என்று அவரும், ஒரு கண்ணைத் திறந்துகொண்டே தூங்கிய அமைதி!

ஒருநாள் மதியம் இரண்டேகால் மணி. என் ஷிப்ட் தொடங்கிவிட்டது. விசையைப் பார்க்கிறேன், சகலையின் பூட்டுத் தொங்குகிறது. அவர் ஷிப்ட் முடிந்து கால்மணி ஆகிவிட்டது. அந்த மாதம் யார் ஷிப்டில் தூள் அதிகம் என்று போட்டி. எனக்கு என்ன தோன்றியிருக்க வேண்டும்? உள்ளே ஆள் இருக்கிறது என்று. எனக்கு என்ன தோன்றியது? என் வேலையைக் கெடுக்கவே பூட்டை மாட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டான் என்று! கண்ணில் பூட்டு விழுந்தது, மனத்தில் பொறாமைதான் விழுந்தது. எட்டிப் பார்த்தேனா? இல்லை. குரல் கொடுத்தேனா? இல்லை. சாவியை எடுத்தேன். பூட்டைத் திறந்தேன். விசையை ஏற்றினேன். பச்சைப் பொத்தான்மேல் கட்டைவிரலை வைத்தேன்.

அப்போது டிரம்முக்குள்ளிருந்து ஒரு தும்மல். இன்னொன்று. மூன்றாவதாக இன்னொன்று.

பொத்தானிலிருந்து விரலை எடுத்து, விசையை இறக்கிப் பூட்டை மறுபடி மாட்டினேன். சிறிது நேரத்தில் வெள்ளைத்தூள் பூசிய முகத்தோடு இவர் வெளியே வந்தார்.

"என்ன சகல, என்னத் தேடியா வந்தீங்க?"

"ஆமா, டீ குடிக்கலாம்னு."

"உங்களுக்குத் தோள்பட்டை வலின்னு உங்க வீட்ல அக்கா சொன்னாங்க. இன்னிக்கு நீங்க எறங்க வேணாமேன்னு நானே சுரண்டிட்டேன்."

தாய்மார்களே! நான்கு ஆண்டுகளாக இது யாருக்கும் தெரியாது. என் மனைவிக்குத் தெரியாது, அவள் தங்கைக்குத் தெரியாது. இதோ, சோடா புட்டியைப் பிடித்தபடி என்னையே பார்க்கிறாரே, இவருக்கும் இந்த நொடி வரை தெரியாது. சகல, மன்னிச்சிருங்க. அன்னிக்கு நான் டீ குடிக்க வரல.

இப்போது கேட்கிறேன்! அன்று இவரைக் காப்பாற்றியது எது? இவரிடமிருந்த சாவியா? அது இவர் சட்டைப்பையில் இருந்தது. சட்டை டிரம்முக்குள் இருந்தது! என் பூட்டை இவர் திறந்துவிடுவார் என்ற அச்சமா? கட்டைவிரலை வைத்தபோது எனக்கு அச்சமே இல்லையே! பதினான்கு மாத அமைதியை அச்சம் காத்தது என்று நம்பினோம். கடைசியில் இவர் உயிரைக் காத்தது ஒரு சிட்டிகைச் சோப்புத்தூள்!

ஒரு டிரம்முக்கே இப்படி. எல்லையில் விளக்கு எரிந்தால் சோதனையா, சூழ்ச்சியா என்று சந்தேகிக்கும் இரு நாடுகளை எண்ணிப் பாருங்கள். அவர்களைப் பார்த்து மூன்றாம் நாடு, நான்காம் நாடு. "அவனுக்கு ஒண்ணு, எனக்கு இல்லையா?" கேள்வி நியாயம். ஒருவன் மட்டும் வைத்திருப்பதும் அநியாயம்தான். ஆனால் ஆளுக்கொரு சாவி கொடுத்து அந்த அநியாயத்தைத் தீர்த்தால், யார் உள்ளே இருக்கிறார் என்று யார் எட்டிப் பார்ப்பது? கட்டைவிரல் பொத்தானில் இருக்கும்போது, எந்த ஊர் மக்கள் சரியான நேரத்தில் தும்முவார்கள்?

மணியடிக்கிறீர்கள் தலைவி அவர்களே, முடித்துவிடுகிறேன். இதோ என் சாவி. உங்கள் மேசைமேல் வைக்கிறேன். அவர் முதலில் வைக்கட்டும், பிறகு நான் வைக்கிறேன் என்று நான்கு ஆண்டுகள் காத்திருந்தேன், அதுவும் பொறாமைதான். இனிக் காத்திருக்க மாட்டேன். இவர் வைக்கிறாரா இல்லையா என்று நான் திரும்பிக்கூடப் பார்க்கப்போவதில்லை.

இவ்வளவு சொன்ன பிறகும் இவருக்கு விழுந்த பதினேழு கைதட்டல் என் வயிற்றை எரிக்கத்தான் செய்கிறது. எரிக்கட்டும். பொறாமை என்னோடு இருந்துவிட்டுப் போகட்டும், சாவி மட்டும் வேண்டாம்.

மாமியார் அவர்களே, பத்து ஆண்டுகளாக எனக்குக் கிடைக்காத அந்தச் சொல்லை இன்று நானே இவருக்குச் சொல்லிக்கொள்ள அனுமதி கொடுங்கள். சகல, நூறாயுசு! பொறுமையோடு கேட்ட உங்களுக்கும், எங்கோ ஒரு பொத்தானுக்கு அடியில் ஒன்றும் அறியாமல் வேலை செய்துகொண்டிருக்கும் அத்தனை பேருக்கும் நூறாயுசு! நன்றி, வணக்கம்.