நாலு நிமிஷப் படம்

இல்ல மாப்ள, இன்னும் கொஞ்சம் இடது பக்கம். ஆங், அந்தப் பாறை மேலதான். பயப்படாதீங்க, காஞ்சுதான் கெடக்கு. தங்கச்சி தண்ணியோட போய் இன்னையோட பதினெட்டு நாள். அவ கடைசியா நின்ன இடத்துல உங்கள வச்சு ஒரு படம் எடுக்கலாம்னு தோணுச்சு, அதான் கூப்பிட்டேன். சத்தமாப் பேச வேணாம், இங்க நல்லாவே கேக்குது.

துணிக்குள்ள தலைய விட்டு என்ன பண்றேனா? ஃபோகஸ் பண்றேன். இந்தப் பெரிய கேமராவுல, பின்னாடி கண்ணாடியில எல்லாம் தலைகீழாத்தான் தெரியும். இப்ப நீங்க வௌவால் மாதிரி தொங்குறீங்க. அட, நெஜமாத்தான்.

இத முதல்லயே முடிச்சுடணும். ஃபில்டரப் போட்டுட்டா ஒண்ணும் தெரியாது, ஒரே இருட்டு. இதுவா? லென்ஸ் முன்னாடி மாட்டுற சட்டம். இந்தச் சதுரக் கண்ணாடிதான் ஃபில்டர், மேலேருந்து சட்டத்தோட பள்ளத்துக்குள்ள இறக்கணும். வெல்டிங் கண்ணாடி கணக்கா இருக்குல்ல? கால் செகண்டுல முடியுற படம், இதப் போட்டா நாலு நிமிஷம் இழுக்கும். அவ்வளவு நேரமும் லென்ஸ் திறந்தே இருக்கும்.

எதுக்கா? தண்ணி பால் மாதிரி வழுவழுன்னு வரும். அலை ஒண்ணு கூட இருக்காது. அலை மட்டுமில்ல மாப்ள, ஆடுற எதுவும் ஃபிலிம்ல தங்காது. குறுக்க ஒருத்தன் ஓடினாக் கூடத் தடம் இருக்காது. அசையாம நிக்கிறதுதான் விழும்.

அன்னைக்கும் கேமரா இதே இடத்துல, இதே கண்ணாடியோடதான். நீங்க ரெண்டு பேரும் கீழ பாறையில ஏதோ பேசிக்கிட்டு இருந்தீங்க. நான் லென்ஸத் திறந்துட்டு, சும்மா எதுக்கு நிக்கணும்னு வேனுக்குள்ள போய்க் கதவ மூடிக்கிட்டு ஃபோன் பேசினேன். என் புத்திய செருப்பால அடிக்கணும். நேரமாச்சேன்னு கதவத் திறந்து இறங்கி, வாட்சப் பாத்துக்கிட்டே வந்து லென்ஸ மூடுறேன், அப்பத்தான் உங்க அலறல். எட்டிப் பாத்தா நெஞ்சளவு தண்ணியில நிக்கிறீங்க. அவ வழுக்கி விழுந்த உடனே குதிச்சுட்டேன், தேடித் தேடி மூச்சே போச்சுன்னு இன்ஸ்பெக்டர்கிட்ட சொன்னீங்க. நானும் நம்பி, உங்களக் கட்டிப் பிடிச்சு அழுதேன்.

அந்த ஃபிலிமக் கழுவ மனசே வரல. நேத்துதான் கழுவினேன்.

நல்லா விழுந்திருக்கு மாப்ள. தண்ணி பால் மாதிரி. பாறை மேல நீங்க, சட்டை பட்டன் வரைக்கும் தெளிவா. கையக் கட்டிக்கிட்டு, தண்ணியவே பாத்துக்கிட்டு. உங்க பக்கத்துல லேசா ஒரு புகை, அதுதான் அவ. கொஞ்ச நேரம் நின்னிருக்கா. மிச்ச நேரமெல்லாம் தண்ணியில கை கால உதறிக்கிட்டே இருந்திருக்கா, அதான் விழல. என் வேன் கதவுச் சத்தம் கேட்டப்புறந்தான் இறங்கினீங்க போல.

ம்? இப்ப எதுக்கு அசையுறீங்க? லென்ஸத் திறந்துட்டேன். அன்னைக்கு நின்ன மாதிரியே நில்லுங்க. படியில இறங்கி வர்றது இன்ஸ்பெக்டரும் அவர் ஆளுங்களுந்தான், காலையிலயே படத்தப் பாத்துட்டாங்க. அவங்க வரட்டும் மாப்ள. நடந்து வர்றவங்க படத்துல விழ மாட்டாங்க.