ஒதீல் என்னைக் காதலித்த புத்தகம்

காபிக்குச் சர்க்கரை வேண்டாம், ஐயா. எழுதிக்கொள்பவர் தயாரென்றால் ஆரம்பிக்கிறேன்.

ஐம்பத்திரண்டு வயதுவரை நான் ஒரு மீன்பிடிக் கப்பல் தலைவரின் மனைவி. என் மனம் பெண்களைத்தான் தேடும் என்று யாரிடமும் சொன்னதில்லை. கடலே இல்லாத லியோன் நகரத்திலிருந்து எங்கள் பிரெத்தாஞ் கடற்கரைக்கு ஒதீல் பள்ளி ஆசிரியையாக வந்த பிறகுதான் சொன்னேன். முதலில் அவளிடம், அப்புறம் கணவரிடம், கடைசியில் காகிதத்தில். கணவர் போய்விட்டார். மகள் பேச்சை நிறுத்திக்கொண்டாள். எனக்கென்று மிஞ்சியது ஒதீலும் அந்தப் புத்தகமும்தான்.

அச்சுக்குப் போகுமுன் அவளிடம் படிக்கக் கொடுத்தேன். மூன்றாம் நாள் வந்தாள்.

"இதுல வர்ற ஒதீல் யாரு, சோலென்? நான் இப்படியெல்லாம் பேசினதே இல்லையே."

"மனசுல இருந்ததைத்தானே எழுதியிருக்கேன்."

"உன் மனசுல. நீ தனியாக் கிடந்து அழுதே, பாவமா இருந்துச்சு, கூட இருந்தேன். அதைப் போய்க் காதல்னு ஊருக்கெல்லாம் சொல்லுவியா? இதெல்லாம் பொய்னு பதிப்பாளருக்கு நானே எழுதிப் போடுறேன்."

காலைப் பிடித்துக் கெஞ்சினேன். அவள் மனம் இரங்கவில்லை.

புத்தகம் பொய்யென்றால் நானும் பொய், ஐயா. திரும்பிப் போக எனக்கு வேறு வாழ்க்கை இல்லை. கடிதத்தைத் திங்களன்று அனுப்பு, அதற்குள் ஒருநாள் சிப்பி பொறுக்கப் போவோம் என்றேன். நல்லவள், ஒத்துக்கொண்டாள்.

ஓதம் இறங்கிக் கடல் வெகுதூரம் உள்வாங்கியிருந்தது. பாறைத் தீவுக்கு நடந்தே போனோம்.

"தண்ணி எப்போ ஏறும்?" என்று கேட்டாள்.

"அஞ்சு மணிக்கு மேலதான். நீ பொறுக்கிட்டு இரு, இன்னொரு கூடை எடுத்துட்டு வந்துடுறேன்."

மூன்றரைக்கே ஏறும். பிறந்ததிலிருந்து நான் பார்க்கிற கடல்.

கரையில் உட்கார்ந்திருந்தேன். தண்ணீர் இடுப்புக்கு வந்ததும் அவள் கூடையை விட்டுவிட்டாள். மீட்புப் படகை அழைக்கும் மணி எனக்குப் பத்தடி தூரத்தில்தான் இருந்தது. நான் எழுந்திருக்கவில்லை. அவளுக்கு நீச்சல் தெரியாதென்று நாலாம் அத்தியாயத்தில் எழுதியிருக்கிறேன். அதைப் பொய்யென்று அவளும் சொல்லவில்லை.

புத்தகம் போன மாதம் வெளிவந்தது. மனம் திறந்து எழுதியிருக்கிறேன் என்று எல்லோரும் பாராட்டுகிறார்கள். விட்டுப்போனது இது ஒன்றுதான். அதனால்தான் நானாகவே காவல் நிலையத்துக்கு வந்தேன்.

அவள் என்னைக் காதலிக்கவில்லை என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், ஐயா. கடைசிவரை அவள் வேறு யாரையும் கூப்பிடவில்லை. பதினேழு முறையும் என் பெயரைத்தான் சொன்னாள்.