கொதிநீரில் போட்ட துண்டு

பாலாடைக்கட்டி செய்வது பெரிய வித்தை இல்லை, இன்ஸ்பெக்டர் சார். காய்ச்சாத பசும்பால் வேண்டும். காய்ச்சினால் அந்த மணம் வராது. சாந்தோமில் எங்கள் வீட்டில் அம்மா காலத்திலிருந்தே அப்படித்தான்.

அடையாறில் ஒரு பிரசவ ஆஸ்பத்திரியில் ரத்தம் பரிசோதிப்பவள் நான். மசக்கையில் எதுவும் வயிற்றில் தங்காமல் தவிக்கும் பெண்களுக்கு வீட்டிலிருந்து அதில் ஒரு டப்பா கொண்டுபோய்க் கொடுப்பேன். ‘ஆலிஸ் அக்கா’ என்று அவர்கள் கூப்பிடுவது எனக்குப் பிடிக்கும்.

தொண்ணூற்று நாலு ஆகஸ்டில் செண்பகத்துக்குக் குழந்தை இறந்து பிறந்தது. அடுத்த வாரம் சகினாவின் மகன் மூன்றாம் நாள் வலிப்பு வந்து போய்விட்டான். இரண்டு தாய்மாருக்கும் அதற்கு முன்னால் லேசான காய்ச்சல், அவ்வளவுதான். பையனின் ரத்தத்தில் ஒரு கிருமி வளர்ந்தது.

“இது சாப்பாட்டு வழியா வர்றது, ஆலிஸ். ஃப்ரிட்ஜுல வெச்சாக்கூட வளரும்” என்றார் டாக்டர் நீரஜா. இருவரும் என்னென்ன சாப்பிட்டார்கள் என்று கேட்டு எழுதினார். இரண்டு தாளிலும் என் டப்பா இருந்தது.

“தப்பா எடுத்துக்காதீங்க. வீட்ல மிச்சம் இருந்தா ஒரு துண்டு கொண்டு வாங்க. சந்தேகம் தீர்ந்துடும்.”

முதலில் யாருக்கும் சொல்லாமல் நானே ஒரு துண்டைச் சோதித்தேன். அதே கிருமி. மைக்ராஸ்கோப்புக்கு அடியில் புரண்டு புரண்டு நகர்ந்துகொண்டிருந்தது. டாக்டருக்கு வேறொரு துண்டைக் கொதிநீரில் பத்து நிமிஷம் போட்டு எடுத்துக்கொண்டு போனேன். அதில் எதுவும் வளரவில்லை. “அப்பாடா” என்று அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு தண்ணீர்த் தொட்டி, கேன்டீன் என்று தேட ஆரம்பித்தார்.

பயம் மட்டும் போகவில்லை. வராந்தாவில் யாராவது என் பெயரைச் சொன்னால் கதவோரம் நின்று ஒட்டுக்கேட்பேன். டப்பா கொண்டு வருவதைத் திடீரென்று நிறுத்தினால் டாக்டர் யோசிக்க மாட்டாரா?

அப்போதுதான் மயிலாப்பூர் ஸ்ரீரஞ்சனி வந்தாள். எட்டு மாசம். “எனக்கு மட்டும் ஏன் கொண்டு வரலை, ஆலிஸ் அக்கா? மசக்கையப்போ ஒருதரம் குடுத்தேளே, ஆத்துல படுத்துண்டா அந்த ருசிதான் நெனப்பு” என்றாள். பக்கத்தில் டாக்டர் நின்றுகொண்டிருந்தார்.

மறுநாள் கொடுத்தேன். கொதிக்க வைத்துக் கொடுத்திருக்கலாமே என்கிறீர்கள். ருசி மாறியிருக்கும், ஏன் என்று கேட்டிருப்பாள். என் எதிரிலேயே ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டாள். நான் கையைக் கட்டிக்கொண்டு பார்த்திருந்தேன்.

பதினோராம் நாள் அவளுக்குக் காய்ச்சல். பெண் குழந்தை பிறந்து, முப்பது மணி நேரம் உயிரோடு இருந்தது. அதன் ரத்தத்தைச் சோதித்தவளும் நான்தான். கிருமி ஏதும் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். டாக்டர் இன்னொரு குப்பி ரத்தத்தை வேறொரு லேபுக்கு அனுப்பியிருந்தது எனக்குத் தெரியாது.

உங்கள் வீட்டிலும் பெண்கள் இருப்பார்கள், சார். பிள்ளைத்தாய்ச்சி ஒருத்தி வாய்விட்டு ஆசையாய்க் கேட்டதை இல்லையென்று சொன்னால், அதுதானே பாவம்.