கடித்து வைத்த ரொட்டி

— …போய் எறங்குன மூணு நாளுக்குள்ள பதிவுச் சீட்டு வாங்கிடணும். ஓட்டல்ல தங்குனா அவங்களே குடுப்பாங்க. மர்கிலான்ல எங்க வீட்டுல தங்குறப்ப என் தம்பி ருஸ்தம் கூட்டிட்டுப் போய் வாங்கித் தருவான். ஒரு சீட்டு கொறஞ்சாலும் திரும்புறப்ப ஏர்போட்ல நிறுத்திருவாங்க. எழுதிக்குங்க லாத்தா.

— எழுதிட்டேன் தில்பர். ரங்கூன்ல பொறந்து அம்பத்தாறு வருஷமா சீட்டோடயே குடித்தனம் பண்றவகிட்ட சீட்டப் பத்திச் சொல்றியே. இங்க மட்டும் என்ன, விருந்தாளி ஒரு ராத்திரி தங்குனா வார்டு ஆபீஸ்ல ஓடிப்போய் எழுதி வைக்கல? உங்க உஸ்பெக் நாடும் அப்படித்தானா?

— அப்படித்தான். அதனால உங்களுக்குப் பழகிரும். தாஷ்கண்ட்ல தரைக்கடியில ரயில் ஓடும், அதுக்குள்ள போட்டோ எடுக்காதீங்க. மர்கிலான் போற வழியில மலை வரும், சுரங்கப் பாதை வரும். அங்கயும் கேமராவ வெளிய காட்டக் கூடாது. நாலு பேர் சேந்தாத்தான் கார் கெளம்பும். ஏறுறதுக்கு முன்னாடியே பேரம் பேசிடுங்க.

— பேரத்த எனக்குச் சொல்லித் தர்றா பாரு. தெயிஞ்சி மார்க்கெட்ல முப்பது வருஷம் துணி வித்தவ நான்.

— உங்க மாதிரி கத்திப் பேசக் கூடாது. நெஞ்சுல கை வச்சு, தலையக் குனிஞ்சு, ‘வீட்டுல எல்லாரும் சுகமா’ன்னு கேட்டு, அப்புறம்தான் பாதி விலை கேக்கணும்.

— மரியாதையாக் கழுத்தறுக்குறதுன்னு சொல்லு. சரி, உன் வீட்டுக்கு என்ன எடுத்துட்டுப் போக? ஒரு டப்பா ஙாப்பி கட்டி வச்சிருக்கேன்.

— வேணாம் லாத்தா. கடலையே பாக்காத ஜனங்க. மீன அரைச்சுப் புளிக்க வச்சதுன்னு சொன்னா நம்ப மாட்டாங்க, ஏதோ செத்துக் கெடக்குன்னு டப்பாவோட புதைச்சிருவாங்க.

— என்னமோ போ. ருசி தெரியாத ஊரு.

— டீய கிண்ணத்துல பாதிதான் ஊத்துவாங்க. கஞ்சத்தனம் இல்ல, மறுபடி மறுபடி ஊத்திக் குடுக்கணும்னு ஆசை. நெறைய ஊத்துனா ‘குடிச்சிட்டுக் கெளம்பு’ன்னு அர்த்தம். ரொட்டியக் குப்புற வைக்காதீங்க. கத்தி படக் கூடாது, கையாலதான் பிய்க்கணும். எங்க உம்மா கட்டில் சன்னலோரம் இருக்கும். உள்ள போனதும் நேரா அவங்க வலது பக்கம் போய் உக்காந்து…

— இரு. நான் புகாரா தர்காவுக்கு ஜியாரத்துப் போற கூட்டத்தோட போறேன். நடுவுல ரெண்டு நாள் ஒதுக்கி உன் உம்மாவப் பாத்து சலாம் சொல்லிட்டு வர்றேன்னேன். அதுக்கு வலது பக்கமென்ன, இடது பக்கமென்ன?

— இடது காது கேக்காது. கண்ணு ரெண்டும் போய் மூணு வருஷமாச்சு.

— அல்லாவே. உடம்பு சரியில்லன்னுதானே உன் புருஷன் ஜமால் சொன்னான்.

— உங்க தம்பிகிட்ட நான் முழுசாச் சொல்லல. ருஸ்தம் லெட்டர் வந்து பன்னெண்டு நாளாச்சு. கஞ்சித் தண்ணிகூடச் சரியா எறங்கலயாம். உயிர் லேசாப் பிரியட்டும்னு ரெண்டு தடவ யாசீன் ஓதி முடிச்சுட்டாங்களாம். மூச்சு மட்டும் ஓடிக்கிட்டிருக்கு. கதவு சத்தம் கேட்டா ‘தில்பரா’ன்னு கேக்குறாங்களாம்.

— நீயே வந்துரு புள்ள. இன்னொருக்கா பாஸ்போட் ஆபீஸ்ல போய்க் கெஞ்சிப் பாப்போம்.

— எதக் காட்டிக் கெஞ்ச? தாஷ்கண்ட்டுக்குப் படிக்க வந்த உங்க தம்பியக் கட்டிக்கிட்டு எழுபத்தொம்போதுல இங்க வந்தேன். கையில இருக்குறது சோவியத் பாஸ்போட். அந்த நாடே இப்ப இல்ல. புதுசு வாங்க எங்க நாட்டுத் தூதரகம் இருக்குற பாங்காக் போகணும். பாங்காக் போக பாஸ்போட் வேணும். பதினோரு வருஷமா இதையேதான் சுத்திக்கிட்டிருக்கேன்.

— அப்ப உன் குரல டேப்புல பதிஞ்சு குடு. காதுகிட்ட வச்சுக் காட்டுறேன்.

— குரல் அவங்களுக்குப் போதல லாத்தா. போன மாசம் போன் போட்டேன். ‘குரல் எங்கேருந்து வேணா வரும், நீ வந்து ரொட்டியத் தின்னு’ன்னாங்க.

— என்ன ரொட்டி?

— எங்க வழக்கம். தூரமாப் போறவங்க வாசல்ல நின்னு ரொட்டியில ஒரு கடி கடிச்சிட்டுப் போவாங்க. மிச்சத்த ஆணியில மாட்டி வைப்பாங்க. அவங்க திரும்பி வந்துதான் அதத் தின்னு தீக்கணும். பட்டாளத்துக்குப் போன பையன் இருக்குற வீட்டுலல்லாம் தொங்கும். எங்க வீட்டுல என் பேருல ஒண்ணு இருபத்துநாலு வருஷமாத் தொங்குது. அது காலியாகாம உம்மாவுக்கு உயிரு அடங்காது.

— அதுக்கு நான் என்ன பண்ண?

— வலது பக்கம் உக்காந்து, அவங்க கைய எடுத்து உங்க கன்னத்துல வச்சுக்குங்க. ‘ஒயிஜான், கெல்திம்’னு சொல்லுங்க. உம்மா, வந்துட்டேன்னு அர்த்தம். ருஸ்தம் ரொட்டியத் தண்ணியில நனைச்சுத் தருவான். அவங்க காதுல விழுற மாதிரி மென்னு தின்னுங்க. எழுதிக்குங்க.

— எழுத மாட்டேன். நான் தில்பரா?

— ரெண்டு பேருக்கும் ஒரே உசரம். தனாக்கா மரப்பட்டைய அரைச்சுக் கன்னத்துல பூசிட்டே போங்க. பர்மாவுல இருந்தவ மேல அந்த வாசம் இருக்கும்தானே.

— பெத்தவளுக்குப் புள்ள கன்னம் தெரியாதாடி?

— இருபத்தொரு வயசுக் கன்னம்தான் அவங்களுக்குத் தெரியும். இத அவங்க தொட்டதே இல்ல.

— பேசச் சொன்னா?

— அழுதுருங்க. அழுறதுக்குப் பாஷை வேணாம்.

— அது சுலபம், பாழாப்போனவளே, இப்பவே வருது. ஆனா மனசு ஒப்பலயே. ஜியாரத்துப் போற வழியில, சாகக் கெடக்குற தாயை ஏமாத்துறதா? நாளைக்கு மறுமையில உன் உம்மா என் கையப் புடிச்சு, ‘என் மக ரொட்டியத் தின்னியே, நீ யாரு’ன்னு கேட்டா நான் என்ன சொல்ல? உன் பல்லு பட்ட எடத்துல என் பல்லு படலாமா?

— பக்கத்துல வாங்க லாத்தா. உங்க தம்பிக்குக்கூட இத நான் சொன்னதில்ல.

— சொல்லு.

— அந்நிய நாட்டுக்காரனக் கட்டிக்கிட்டேன்னு உம்மா ஒரு மாசம் எங்கிட்டப் பேசல. கெளம்புறன்னிக்குத்தான் வாசலுக்கு வந்து ரொட்டிய நீட்டுனாங்க. எனக்குக் கோவம். மொகத்தத் திருப்பிக்கிட்டு கார்ல ஏறிட்டேன். கடிக்கவே இல்ல.

— அப்ப ஆணியில தொங்குறது முழு ரொட்டியா?

— நானும் இத்தன வருஷம் அப்படித்தான் நெனச்சேன். ருஸ்தம் இந்த லெட்டர்லதான் எழுதியிருக்கான். கார் தெருமுனை திரும்புனதும், எனக்குப் பதிலா உம்மாவே அத ஒரு கடி கடிச்சு மாட்டுனாங்களாம்.